இரண்டு லேபிள், ஒரே தொட்டி

இடது கைச் சட்டை மடிப்பு இன்னும் காயவில்லை. ஏசி அறையில் ஈரம் காய நேரமாகும் என்று இருளப்பனுக்குத் தெரியும். தெரிந்தும் மேசைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு கட்டைவிரலால் அந்த மடிப்பைத் தடவித் தடவிப் பார்த்தான். காலை ஒன்பது மணிக்கு எட்டாம் நம்பர் தொட்டியின் குழாயைத் திறந்தபோது ஒயின் நேராக விழாமல் பக்கவாட்டில் பீச்சியடித்து, மணிக்கட்டோரத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவப்பாக்கிவிட்டது. வெள்ளைச் சட்டை, மாற்றுச் சட்டையும் கிடையாது. இரண்டு சுற்று மடித்துவிட்டான், பிறகு வலது கையையும் அதே அளவுக்கு மடித்துவிட்டான், இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லையென்றால் பார்க்கிறவன் கண் நேராக அங்கேதான் போகும், லேபிளிலும் அப்படித்தான், இடது ஓரம் நாலு மில்லிமீட்டரும் வலது ஓரம் மூன்றும் இருந்தால் வாங்குகிறவனுக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது, ஆனால் கை பக்கத்துப் பாட்டிலுக்குப் போய்விடும், பதினாறு வருஷமாக இந்த ஒரு மில்லிமீட்டரை நம்பித்தான் அவன் பிழைக்கிறான். இப்போது அவன் பெயர் அருள். சாம்பல் நிற அட்டையில், வேறு ஒன்றும் இல்லாமல், அருள் என்று மட்டும் அச்சடித்து வைத்திருக்கிறான். இருளப்பன் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர், அந்தப் பெயரோடு போனால் யாரும் உட்காரச் சொல்லமாட்டார்கள் என்று அவனே தீர்மானித்து, தனக்குத் தானே புது லேபிள் ஒட்டிக்கொண்டான். நாம் இருளப்பன் என்றே சொல்லிக்கொள்வோம், சண்டைக்கு வர அவனுக்கு இப்போது நேரமில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த அந்த ஒயின் ஆலையின் கூட்ட அறையில், வெள்ளைத் துணி விரித்த மேசை மேல் இரண்டே இரண்டு பாட்டில்கள். ஒன்றில் பழைய லேபிள், பளபளக்கிற காகிதம், தங்க ஓரம், ஒரு திராட்சைக் குலை, அதைத் தூக்கிப் பிடித்தபடி கொண்டை போட்ட ஒரு பெண், அவள் காலடியில் எதற்கென்றே தெரியாமல் ஒரு மயில், எல்லாவற்றுக்கும் மேலே வளைத்து எழுதிய நீலவேணி என்ற பெயர். இருமல் மருந்து பாட்டில் தோற்றது போ. இன்னொன்றில் இருளப்பன் செய்த லேபிள். பருத்திக் காகிதம், சோறு வடித்த கஞ்சியின் வெள்ளை, நடுவில் கிளாஸின் அடிப்பாகம் பதிந்த தடம் மாதிரி ஒரு சிவப்பு வளையம், முழுக்க மூடாமல் ஒரு நெல்மணி அளவுக்கு இடைவெளி விட்ட வளையம், கீழே பொடி எழுத்தில் நீலவேணி என்று வர வேண்டிய இடம் இன்றைக்கு மட்டும் காலி. அரசாங்கம் போடச் சொல்கிற எச்சரிக்கை வரியைக்கூடப் பின்பக்கத்தில் அவன் வைத்திருக்கிற அழகைப் பார்த்தால், கேடு என்ற சொல் ஏதோ ஊர்ப் பெயர் போலத் தெரியும். இரண்டு பாட்டிலிலும் எட்டாம் தொட்டி ஒயின்தான் இருக்கிறது. ஒரே குழாய், ஒரே புனல், ஊற்றியவன் இருளப்பன். இது இந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், அவனுக்கும் முதலாளி தீனதயாளனுக்கும். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற மற்ற மூன்று பேரிடமும், வெள்ளை லேபிள் பாட்டிலில் இருப்பது நாசிக் பக்கத்திலிருந்து ஒருவர் செய்து அனுப்பிய ஒயின், நம்முடையதோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள் என்று தீனதயாளன் சற்று முன்தான் சொல்லி முடித்திருந்தான். சொல்லும்போது அவன் முகம் பால் குடித்த பூனை முகமாக இருந்தது.

மூன்று பேரில் இரண்டு பேர் வெளியாட்கள். கொடைக்கானலில் இரண்டு விடுதி நடத்துகிற ரெஜினால்டு, பத்திரிகையில் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிற வசுந்தரா. மூன்றாவது ஆள்தான் ஆள். சவரிமுத்து. இந்த ஆலையின் ஒவ்வொரு தொட்டியிலும் இருக்கிற ஒவ்வொரு சொட்டையும் செய்தவர், குருமடத்தில் பூசைக்கான ஒயின் செய்து பழகியவரை தீனதயாளனின் அப்பா கையைப் பிடித்துக் கூட்டிவந்து முப்பத்தோரு வருஷம் ஆகிறது. அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது தீனதயாளனின் ஆசை. படுக்கையில் கிடக்கிற அப்பாவிடம் சொல்ல ஒரு காரணம் வேண்டும். போன வாரம் இருளப்பனைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்த்தான் அந்தக் காரணத்தைத் தயார் செய்தான். "அவரு செஞ்ச ஒயினையே அவருக்கு அடையாளம் தெரியலேன்னா அப்பா ஒண்ணும் சொல்ல முடியாது, அருள் சார். உங்களுக்கும் அதுல ஒரு விஷயம் இருக்கு. அந்த நாக்கையே உங்க லேபிள் ஏமாத்திட்டா, இனி நம்ம எல்லா பாட்டிலுக்கும் நீங்கதான். ஏமாத்தலேன்னா மயிலே இருந்துட்டுப் போகட்டும்." ஆலை ஆட்கள் ஊற்றினால் விஷயம் சவரிமுத்து காதுக்குப் போய்விடும் என்று ஊற்றுகிற வேலையையும் அவன் தலையிலேயே கட்டினான். இருளப்பன் சரி என்றான். அருள் சார் என்று அவன் கூப்பிட்ட விதம் காதில் இனித்துக்கொண்டே இருந்தது.

ரெஜினால்டு முதலில் மயில் பாட்டில் ஒயினைக் குடித்தார். குடிக்கும் முன்பே உதடு சுளித்துக்கொண்டது, இருளப்பன் அதைப் பார்த்தான், திரவம் நாக்கில் படுவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. சர்க்கரை தூக்கல், சிரப் மாதிரி இருக்கிறது என்றார். பிறகு வெள்ளை லேபிள் பாட்டிலை அவரே கையில் எடுத்தார், அடடா, அந்தக் கட்டைவிரல், அந்தக் கட்டைவிரல் காகிதத்தின் மேல் போய் நின்றதைப் பார்க்க வேண்டுமே, கண் படிப்பதற்கு முன்னால் கட்டைவிரல் படித்துவிடும், இதை இருளப்பன் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறான், எவன் கேட்டான். அவர் முகர்ந்தார், குடித்தார், கண்ணை மூடினார். இதில் புகை வாசனை இருக்கிறது, பின்னால் ஏதோ நாவல் பழம் மாதிரி வருகிறது, அவசரமே இல்லாத ஒயின் என்றார். அவசரமே இல்லாதது ஒயின் இல்லை ஐயா, மேலே நாற்பது மில்லிமீட்டர் வெறுமையாக விட்டிருக்கிறேனே, அந்த வெறுமை. மனிதன் ஒயினை வாங்குவதே இல்லை என்பது இருளப்பனின் கட்சி. அலமாரி முன்னால் நிற்கிறவன் பயந்துபோய் நிற்கிறான், மேலதிகாரி வீட்டுக்கு எடுத்துப் போகிறவன், சம்பந்தி முன்னால் தனக்கும் விவரம் தெரியும் என்று காட்ட வேண்டியவன், பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாதவன், எல்லோரும் பயந்தவர்கள். மயில் அந்தப் பயத்தை அதிகமாக்கும். வெறுமை அடக்கும். உன்னைப் பார்த்து யாரும் சிரிக்கமாட்டார்கள் என்று ஒரு காகிதம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் தொழில், உள்ளே என்ன இருந்தால் யாருக்கு என்ன. சிரிக்கமாட்டார்கள் என்பதை இவ்வளவு சரியாகச் சொல்லத் தெரிந்தவனைப் பார்த்து ஒருவர் சிரித்திருக்கிறார், அவர் இதோ எதிரே உட்கார்ந்து தன் முறைக்காகக் காத்திருக்கிறார்.

பதினாறு வருஷம் இருக்கும். சிவகாசி அச்சகத்தில் அச்சுப் பிளேட் கழுவிக்கொண்டிருந்தவனுக்கு முதன்முதலாக ஒரு லேபிள் செய்யக் கிடைத்தது, இதே ஆலைக்கு, ஏதோ ஒரு பண்டிகைக்காகக் குறைவாகப் போட்ட ஒயினுக்கு. பதினோரு நாள் அதோடு மல்லுக்கட்டினான். சிவப்பு சரியாக வரவில்லை என்று மை கலக்குகிறவன் காலில் விழாத குறை. பண்டிகை முடிந்து கம்பத்துக்கு வந்தபோது சவரிமுத்து வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார், அவர் மனைவி ஜெசிந்தா பன்றிக்கறி வைத்திருந்தாள், கை கழுவக் கொல்லைக்குப் போனான். அங்கே ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் ஐந்தாறு பாட்டில் ஊறிக்கொண்டிருந்தது, மேலே அவன் லேபிள் மிதந்தது. ஒன்றில்லை, ஐந்து, ஒன்று கவிழ்ந்து, ஒன்று பாதி மடங்கி, ஒன்று சுருண்டு. ஜெசிந்தா அரிவாள்மணைப் பக்கம் குந்தி உட்கார்ந்து ஆறாவது பாட்டிலைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நல்லெண்ணெய் ஊற்றி வைக்க நல்ல பாட்டில், ஆனால் இந்தத் தடவை பசைதான் விடமாட்டேன் என்கிறது என்று குறைப்பட்டாள். பின்னால் வந்து நின்ற சவரிமுத்து அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சட்டையக் கழட்டுனாத்தானப்பா குளிக்க முடியும்" என்றார். தோளில் தட்டிச் சாப்பிடக் கூட்டிப் போனார், கறி நன்றாக இருந்தது, அதுவும் இருளப்பனுக்கு நினைவிருக்கிறது, நன்றாக இருந்தது என்பதற்காகவே அந்தக் கறி இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது. அந்த வாளி அவனை விடவில்லை. விருது வாங்கிய மேடையில் அந்த வாளி, மகளுக்குக் காது குத்தும்போது அந்த வாளி. கறி போட்டவரை வெறுக்கிறோமே என்று அவனுக்கு வெட்கம் வரத்தான் செய்தது, வந்த வெட்கத்தையும் அவர் கணக்கிலேயே சேர்த்து இன்னும் கொஞ்சம் வெறுத்தான்.

கறியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மகள் பிறக்கிற நேரத்தில் அவன் குடும்பத்தோடு கம்பத்தில் ஒற்றை அறையில் இருந்தான், மழை, ஆம்புலன்ஸ் வரவில்லை, சவரிமுத்து திராட்சைக் கூடை ஏற்றுகிற வேனைப் பின்னால் கழுவக்கூட நேரமில்லாமல் ஓட்டிக்கொண்டு வந்து, பழச்சாறு ஒட்டிய பலகை மேல் போர்வை விரித்து, அவன் மனைவியைத் தேனிக்குக் கொண்டு சேர்த்தார். மகள் உடம்பில் திராட்சை வாசனை இருக்கிறது என்று மனைவி பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் சவரிமுத்து ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அன்னைக்கு நான் இல்லேன்னா என்று அந்த வாயிலிருந்து வந்திருந்தால் இருளப்பன் அன்றைக்கே கடனை அடைத்த மாதிரி எழுந்து போயிருப்பான். மனிதர் அதற்கும் வழி விடவில்லை. மறந்தே போய்விட்டார் போலிருக்கிறது. சரி, அந்த வளையம். அதைப் பற்றி நினைக்கக் கூடாது என்று இருளப்பன் நினைத்தான், நினைத்தவுடன் நினைத்தான். அந்தச் சிவப்பு வளையம் தன் மூளையில் ஒரு விடியற்காலையில் உதித்தது என்று தீனதயாளனிடம் சொல்லியிருக்கிறான். உதிக்கவில்லை. சவரிமுத்து ருசி பார்க்கும்போது கிறுக்கி வைக்கிற நோட்டுப் புத்தகத்தில், நாலு மாசத்துக்கு முன்னால் அவர் கழிப்பறைக்குப் போயிருந்த நேரத்தில், அதைப் பார்த்தான். அவர் எப்போதும் ஒரே ஒரு டீ கிளாஸில்தான் ருசி பார்ப்பார், அதன் அடியில் ஓரம் உடைந்திருக்கும், அதை வைத்த இடத்தில் எல்லாம் இடைவெளி விட்ட வளையமாக ஒயின் தடம் பதியும். பக்கம் பக்கமாக வளையங்கள். செல்போனில் படம் எடுத்தான். திருட்டு என்று சொல்ல முடியுமா, ஒரு மனிதன் கவனிக்காமல் சிந்தியதை எடுப்பது திருட்டா, அவர் கண்ணுக்கு அது அழுக்கு, கண்டுபிடித்தது யார், நான்தானே.

வசுந்தரா குடித்துக்கொண்டிருந்தாள். அவளும் அதே வழியில்தான் போனாள், மயில் பாட்டில் ஒயின் பழக்கப்பட்ட ருசி என்றும், மற்றதில் ஒரு துணிச்சல் இருக்கிறது என்றும், செய்தவர் அளவாகப் பேசுகிற மனிதராக இருப்பார் என்றும் சொன்னாள். அளவாகப் பேசுகிற அந்த மனிதர் மேசைக்கு அடியில் சட்டை மடிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். தீனதயாளன் அவனைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். சந்தோஷப்பட வேண்டும். அதற்குப் பதில் காலையில் பேசிய பேச்சுத்தான் ஞாபகம் வந்தது. பத்து மணிக்கு வாஷ்பேசின் பக்கத்தில் சவரிமுத்து எதிர்ப்பட்டபோது என்ன இருளப்பா, இளைச்சுட்ட என்றார். மனிதர் ஒருத்தர்தான் இன்னும் அந்தப் பெயரைச் சொல்லுகிறவர், அதுவும் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி. அப்போது அவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. இன்றைக்கு அந்த வெள்ளை லேபிள் பாட்டிலுக்கு நல்ல பேர் வந்தால்தான் அண்ணே எனக்கு இங்கே வேலை, இல்லாவிட்டால் பழையபடி சிவகாசிக்குப் போய் பட்டாசு டப்பாவுக்குப் படம் போட வேண்டியதுதான், மகள் வேறு பத்தாவது படிக்கிறாள் என்றான். எல்லாம் நிஜம். ஒரு வார்த்தை பொய் கிடையாது. இரண்டு பாட்டிலிலும் அவர் ஒயின்தான் இருக்கிறது என்ற மிச்சத்தை மட்டும் சொல்லவில்லை. சவரிமுத்து தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு துண்டால் கையைத் துடைத்தார். எதற்குச் சொன்னோம் என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. சும்மா பேச்சுக்குச் சொன்னதுதான். சும்மா பேச்சுக்கு மகளை எதற்கு இழுத்தாய் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது, அது தன் மனைவியின் குரல் மாதிரி இருந்ததால் அவன் அதற்குப் பதில் சொல்லவில்லை.

இன்னும் நேரமிருக்கிறது. ஒரு இருமல் போதும். எழுந்து தண்ணீர் எடுக்கிற சாக்கில் பக்கத்தில் போய் அண்ணே எட்டு என்று ஒரு வார்த்தை. எட்டு என்றாலே அவருக்குப் புரியும், இந்த ஆலையில் எட்டு என்றால் ஒரே ஒரு எட்டுதான். கால் எழுந்திருக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, முப்பத்தோரு வருஷ நாக்குக்கு எவனாவது சொல்லிக்கொடுக்க வேண்டுமா, பகல் பன்னிரண்டு மணி வரைக்கும் உறைப்பும் புளிப்பும் படக்கூடாது என்று தினமும் காலையில் ஊறுகாய்கூட இல்லாமல் வெறும் கஞ்சி குடிக்கிற மனிதர், மகன் கல்யாணத்தன்று பந்தியில்கூட இலையை மூடிவிட்டுக் கஞ்சி குடித்தவர், அவரே கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்துவிட்டால். கண்டுபிடித்துவிட்டால் லேபிள் தோற்றது. அந்த நாக்கு தோற்றால்தான் லேபிள் ஜெயித்தது. இருளப்பனுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், அந்த வாளியில் மிதந்தது வெறும் காகிதமா இல்லையா என்று அந்த வாயிலிருந்தே வர வேண்டும், அந்த மனிதரின் தொண்டைக்குள்ளேயே போய் லேபிள் ஒட்ட வேண்டும். அவர் வேலை போகும். போகட்டும். போனால் ஜெசிந்தா என்ன செய்வாள் என்று ஒரு கணம் தோன்றியது, உடனே அவள் கையிலிருந்த கத்தி ஞாபகம் வந்தது, அதன் சரக் சரக் சத்தம் ஞாபகம் வந்தது, அவன் நாற்காலியில் இன்னும் நன்றாக அழுந்தி உட்கார்ந்துகொண்டான்.

சவரிமுத்து சட்டைப் பையிலிருந்து டீ கிளாஸை எடுத்தார். மேசை மேல் இருந்த நீளக்காம்புக் கிளாஸ்கள் எதையும் அவர் தொடவில்லை. மயில் பாட்டிலிலிருந்து இரண்டு விரல்கடை ஊற்றி மூக்கருகே கொண்டுபோனார், குடித்தார், வாயில் புரட்டினார், விழுங்கினார். தண்ணீரால் கிளாஸை அலசினார். ஒரு துண்டு வெறும் பன்னை மென்றார். வெள்ளை லேபிள் பாட்டிலை எடுத்தபோது கட்டைவிரல் காகிதத்தில் நிற்கவில்லை, கழுத்தைப் பிடித்துத்தான் தூக்கினார், இருளப்பனுக்கு அது சுருக்கென்றது. ஊற்றினார். முகர்ந்தார். முகர்ந்தவர் குடிக்காமல் அப்படியே இருந்தார். பிறகு பாட்டிலின் மேலிருந்த வளையத்தைப் பார்த்தார், நேரமெடுத்துப் பார்த்தார், அங்கிருந்து கண்ணைத் தூக்கி இருளப்பனைப் பார்த்தார், முகத்தை அல்ல, கையை. இருளப்பன் எப்போது இரண்டு கையையும் மேசை மேல் எடுத்து வைத்தான் என்று அவனுக்கே தெரியாது. மடிப்பு சரியாகத்தான் இருந்தது. சவரிமுத்து கிளாஸைக் காலி செய்து மேசை மேல் வைத்தார். "இந்த வெள்ளைக் காயிதம் ஒட்டுனதுதான் நல்லாருக்கு, சின்னவரே. நம்மளுது இதுக்குக் கீழதான்" என்றார். குரலில் ஒரு பிசிறும் இல்லை. இருளப்பன் உடம்பெல்லாம் ஜிவ்வென்று சூடு ஏறியது. ஜெயித்துவிட்டது. வாளி கவிழ்ந்தது, தண்ணீர் ஓடிவிட்டது, ஐந்து லேபிளும் காய்ந்து நிமிர்ந்துவிட்டன, அவன் அந்த நிமிஷத்தில் எழுந்து சவரிமுத்துவைக் கட்டிக்கொள்ளக்கூடத் தயாராக இருந்தான், அவ்வளவு பிரியமாக இருந்தது அவர் மேல். அப்போதுதான் மேசை விரிப்பைப் பார்த்தான். சவரிமுத்து கையில் எடுத்துக்கொண்ட கிளாஸ் இருந்த இடத்தில், வெள்ளைத் துணி மேல், இடைவெளி விட்ட ஒரு சிவப்பு வளையம். பாட்டிலில் இருப்பதற்கும் அதற்கும் எள்ளளவும் வித்தியாசமில்லை. வசுந்தராவின் கண் அந்தப் பக்கம் திரும்புவதற்குள் பன் தட்டை எடுத்து அதன் மேல் வைத்தான்.

தீனதயாளன் அவசரப்படவில்லை. நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளி, விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்து, ஒரு சின்ன விளையாட்டு, மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்தான். நாசிக்கும் இல்லை ஒன்றும் இல்லை, இரண்டு பாட்டிலிலும் ஒரே தொட்டி ஒயின், நம் சவரிமுத்து அண்ணன் செய்தது என்றான். ரெஜினால்டு காது மடல் சிவந்துவிட்டது, வசுந்தரா கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். அவர்களை அவன் உடனே தேற்றினான், குடிக்கிறவர்கள் லேபிளைப் பார்த்து மயங்கலாம், அதற்குத்தான் அருள் சாருக்குச் சம்பளம் என்று சொல்லி அவர்களையும் சிரிக்க வைத்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "செய்யிறவரு மயங்கலாமாண்ணே? பெத்த பிள்ளைய அடுத்தவன் பிள்ளைங்கிறீங்க. அப்பாகிட்ட நான் இனி என்னத்தச் சொல்ல?" எல்லோரும் சவரிமுத்துவைப் பார்த்தார்கள். சிரித்து முடித்த வாய் மூடாமல் ரெஜினால்டும் பார்த்தார், ஏமாந்தது தான் மட்டுமில்லை என்ற ஆறுதல் அவர் முகத்தில் அப்பட்டமாக இருந்தது. சவரிமுத்து வயசாகிடுச்சுல்ல சின்னவரே என்று மட்டும் சொல்லிவிட்டு, கிளாஸை அலசி, துண்டில் துடைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இந்த மாசத்தோடு ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள், செய்ய வேண்டியதைச் செய்கிறோம் என்று தீனதயாளன் சொன்னதற்கு, நாலாம் தொட்டியைச் செவ்வாய்க்கிழமை கலக்கிவிடச் சொல்லுங்கள், விட்டால் காடியாகிவிடும் என்று பதில் சொன்னார்.

விருந்தாளிகள் சாப்பாட்டு அறைக்குப் போனார்கள். சவரிமுத்து கதவுப் பக்கம் போனவர் இருளப்பன் நாற்காலி அருகே நின்றார். குனிந்தார். கஞ்சி வாசனையும் திராட்சைத் தோல் வாசனையும் கலந்து வந்தது. "மோந்தப்பவே தெரிஞ்சுருச்சுப்பா, எட்டுதான்னு" என்றார், பக்கத்தில் இருப்பவனுக்கு மட்டும் கேட்கிற குரலில். "நீ காலைல கேட்டியே, அதுக்காகச் சொன்னேன். நம்ம வேன்ல கொண்டுபோன பிள்ள, படிக்கட்டும்." இருளப்பன் கையை மேசைக்கு அடியில் இழுக்கப் போனான். சவரிமுத்து அவன் இடது கை மடிப்பை ஒரு விரலால் தொட்டார். "எட்டாந் தொட்டிக் குழாயி எப்பவுமே எடது பக்கமாப் பீச்சும். எலுமிச்சம்பழம் தேச்சு அலசு, போயிரும். சோப்புப் போட்ராத, நீலமாயிரும்." இவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை, வளையத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் தொட்டிக் கொட்டகைப் பக்கம் நடந்து போய்விட்டார்.

இருளப்பனுக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, வந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல நாக்கு கூசியிருக்காது. முதலில் வந்தது ஆத்திரம். அப்படியானால் லேபிள் ஜெயிக்கவில்லை. அந்த நாக்கு ஏமாறவில்லை, காகிதம் காகிதமாகவே இருக்கிறது, வாளி அதே இடத்தில் இருக்கிறது, மகளுக்காகப் போட்ட பிச்சை, கறி போட்ட மாதிரி, வேன் ஓட்டின மாதிரி, இன்னொரு தடவை, அதுவும் வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து. கிழவன் வேலையையும் விட்டுவிட்டு ஜெயிப்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். தீனதயாளன் பின்னாலிருந்து தோளில் கை வைத்தான். என்ன அருள் சார், அண்ணன் போகும்போது என்ன சொன்னார் என்று கேட்டான். மூன்று வார்த்தை, அவருக்கு முன்பே தெரியும் என்ற மூன்று வார்த்தையைச் சொன்னால் போதும், மனிதர் நாளைக்கும் தொட்டிக்குப் போவார். சொன்னால் மயில் திரும்பி வரும். அதுகூடப் பெரிதில்லை, சொன்னால் தன் லேபிளை ஒருவர் சும்மா பாவம் பார்த்துப் புகழ்ந்தார் என்று வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் தானாகிவிடுவான், இருளப்பனாகவே ஆகிவிடுவான். "சட்டையில கறை இருக்குன்னாரு" என்றான். ஒரு வார்த்தை பொய் கிடையாது. தீனதயாளன் சிரித்துக்கொண்டு சாப்பிடக் கூப்பிட்டான், அடுத்த ஆறு ஒயினுக்கும் வளையத்தையே வெவ்வேறு நிறத்தில் போட்டுவிடலாம் என்றான், கை கழுவிவிட்டு வருகிறேன் என்று இருளப்பன் வாஷ்பேசின் பக்கம் போனான். மடிப்பைப் பிரித்தான். கறை காய்ந்து விளிம்பு மட்டும் கருத்திருந்தது. சாப்பாட்டு மேசையில் மீனுக்கு எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்திருந்தது கதவு வழியாகத் தெரிந்தது, பத்தடி தூரம்கூட இருக்காது. அவன் குழாயைத் திறந்து, சோப்பை எடுத்து, அழுத்தித் தேய்த்தான். நீலமாகத்தான் ஆனது.